மேற்கு ஜன்னலில் மழை இருட்டு

மழை எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று மதுரைக்காரர்களைக் கேட்டால், மாதத்தைச் சொல்லச் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் கிழக்கு. வடகிழக்குப் பருவமழை காலையிலேயே மப்பும் மந்தாரமுமாகத் தொடங்கிவிடும். நாள் முழுக்க ஒரே சாம்பல் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் படம் எடுப்பது சுலபம். ஆனால், வெளிச்சம் என்ற அளவில் அதில் ஒன்றும் நடக்காது. சித்திரை, வைகாசியில் வரும் கோடை இடிமழையும், ஆவணி, புரட்டாசி மாலைகளில் பெய்யும் மழையும் அப்படியல்ல. பகலெல்லாம் வெயில் கொளுத்தும். மூன்று மணிக்குப் புழுக்கம் தாங்காது. நாலு மணி வாக்கில் நாகமலைக்கு அந்தப் பக்கம், தேனித் திசையில், மேகம் எழும்பி நிற்கும். நான் பார்த்த சாயங்கால மழைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வந்தன. அந்த நேரத்தில் சூரியன் இருப்பதும் அதே மேற்கில்தான்.

ஒரு பழைய வீட்டுக்குள் உட்கார்ந்து இதைப் பார்த்தால், வெளிச்சம் குறைவதைவிடப் பெரிய ஒன்று நடப்பது தெரியும். வெளிச்சம் பக்கம் மாறுகிறது. மேற்கு ஜன்னல் வழியாக விழுந்துகொண்டிருந்த வெயில் நின்றுபோகும். கிழக்கே யானைமலைப் பக்கம் வானம் இன்னும் வெள்ளையாகத் திறந்தே கிடக்கும். அதுவரை நிழலில் இருந்த கன்னம் இப்போது வெளுக்கும். வெயில் பட்ட கன்னம் மங்கும். சில நிமிடங்களுக்குத்தான் இது. பிறகு மேகம் கிழக்கையும் மூடிவிடும், காற்றும் தூசியும் வரும், மழை இறங்கும். அறைக்குள் வெயில் போய்ப் புயல் வரும் காட்சிக்கு ஒளியமைக்கும்போது நான் பிடித்துக்கொள்வது இந்தச் சில நிமிடங்களைத்தான். இதை விட்டுவிட்டு, விளக்கைக் குறைத்து, நீலத் தாளைப் போட்டு, இரண்டு மின்னலை வெட்டினால் திரையில் தெரிவது விளக்கைக் குறைத்தது மட்டும்தான்.

இதை முழுதாகச் செய்து பார்க்கும் வாய்ப்பு சோழவந்தான் பக்கம், வைகைக் கரை ஊர் ஒன்றில் கிடைத்தது. தென்னந்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் சூழ்ந்த ஊர். நாட்டு ஓடு வேய்ந்த வீடு; நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், காவி போட்ட தரை, நீலம் கலந்த சுண்ணாம்புச் சுவர். காட்சியில் அண்ணனும் தம்பியும் வீட்டைப் பாகம் பிரிக்கப் பேசுகிறார்கள். நல்ல வெயிலில் பேச்சு தொடங்குகிறது. முடியும்போது வெளியே புயல்மழை. நடுவில், வெளியே காயும் வத்தலை அள்ளப் பெண்கள் ஓடுகிறார்கள். காட்சி நான்கு நிமிடம். இயக்குநர் அதை உச்சி வெயிலில் தொடங்குவதாக எழுதியிருந்தார்.

உச்சி வேண்டாம் என்று முதலில் சொன்னேன். மதுரை ஏறக்குறைய 10 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். முற்றத்தின் நடுவில் வெயில் செங்குத்தாக விழும். ஜன்னல் வழியாக ஒரு துளிகூட உள்ளே வராது. மூன்று மணிக்கும் சூரியன் 50 பாகை உயரத்தில் இருக்கும். இந்த வீட்டு இறவாணம் தாழ்ந்து இறங்கியது. அந்த வெயிலையும் அது மறைத்துவிடும். நாலரை மணிக்குத்தான் சூரியன் 30 பாகைக்குக் கீழே வரும், ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு விழும். இடிமழை திரளும் நேரமும் அதுதான். காட்சி நாலரை மணிக்கு மாறியது.

அடுத்தது, பகல் காட்சியை ராத்திரியில் எடுப்பது என்ற முடிவு. நிஜ வெயில் நம் வசதிக்கு நிற்காது. பகலில் எடுத்தால் வீட்டைச் சுற்றித் தார்ப்பாயால் மூடி இருட்டாக்க வேண்டும். சித்திரை வெக்கையில் அந்தக் கூடாரத்துக்குள் நடிகர்களும் விளக்குகளும் சேர்ந்தால் முகத்தில் வியர்வையைத் தவிர எதுவும் தெரியாது. ராத்திரியில் இருட்டு இலவசமாகக் கிடைக்கிறது. வெயில், வானம், மேகம் எல்லாமே நம் கையில்.

வானத்தை எப்படிச் செய்வது என்பதில் எனக்குக் குரு ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1956-இல் வந்தது. அதில் வரும் காசி வீட்டின் முற்றத்தைத் திறந்த வெளியில் கட்டத்தான் முதலில் திட்டம். பருவமழைக்குப் பயந்து கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் கட்ட வேண்டி வந்தது. நாலு பக்கமும் சுவர், மேலே திறப்பு. அந்தத் திறப்பிலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சம்தான் அப்படிப்பட்ட வீட்டின் உயிர். நேராக விளக்கு அடித்தால் அது வராது. மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் வானமாக இறங்கியது. அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் அது ஸ்டூடியோ என்று நம்பமாட்டார்கள். முந்தைய ஆண்டு வந்த ‘பதேர் பாஞ்சாலி’யில் துர்கா சாகும் இரவின் புயலும் அவர் எடுத்ததுதான். கதவு அதிர்வதும் திரைச்சீலை உப்புவதும் போதும், புயல் அறைக்குள் வந்துவிடுகிறது.

நாங்கள் துணி வாங்கியது விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடையில். வெளுத்த காடாத் துணி. புதுமண்டபத்தில் தையற்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த காலம் அது. கேட்ட அகலத்துக்கு மூட்டித் தந்து, ஓரத்தில் கயிறு நுழைக்க மடிப்பும் வைத்துக் கொடுத்தார்கள். அதை முற்றத்துக்கு மேலே சாரம் கட்டி இழுத்தோம். ஒரே துணியாக இல்லாமல் கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விளக்குகள் வைத்தோம். காட்சியின் அடிப்படையே அந்தப் பிரிவுதான். மேற்குப் பாதி முதலில் அணையும். கிழக்குப் பாதி கொஞ்ச நேரம் எரிந்துகொண்டிருக்கும்.

சூரியனுக்கு எச்.எம்.ஐ. விளக்கு. மேற்கு ஜன்னலுக்கு வெளியே எவ்வளவு தூரம் தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தூரம். கிட்டே வைத்த விளக்கு ஜன்னலோரம் ஒரு வெளிச்சமும் அறை நடுவில் பாதி வெளிச்சமும் தரும். நிஜச் சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஜன்னலோரத்துக்கும் அறை நடுவுக்கும் அது வித்தியாசம் காட்டாது. தெரு அகலம் போதாமல், எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டு அவர் மாட்டுக்கொட்டத்தை ஒட்டிச் சாரம் கட்டினோம். முன்னால் வெளிச்சத்தை மென்மையாக்கும் டிரேஸ் தாள் எதுவும் இல்லை. கால்வாசி ஆரஞ்சு ஜெலட்டின் மட்டும். கம்பி நிழல் கத்தியாக விழ வேண்டும்.

பிறகு கண்ணாடி ஓடு. ஓட்டு வீட்டில் நடுவே ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள்; அடுக்களையில் கை அகல வெளிச்சம் விழும். எங்கள் யூனிட்டின் மூத்த லைட்மேன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். அவர்தான் அதைக் காட்டினார். “வானம் மூடுதான்னு பாக்க எங்க ஆத்தா வெளிய போகாது சார். கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தப் பாத்தே சொல்லிரும். மொதல்ல ஓரம் கரையும், அப்பறந்தான் மங்கும். ஓரம் கரைஞ்சாலே வத்தல எடுக்க எங்கள முடுக்கிரும்.”

அவர் சொன்னதில் முழு இயற்பியலும் இருக்கிறது. இடிமேகத்தின் உச்சி விரிந்து, மெல்லிய திரையாக மேகத்துக்கு முன்னாலேயே வந்து சூரியனை மறைக்கும். வெயில் இருக்கும், ஆனால் நிழலின் ஓரம் கூர்மை இழந்திருக்கும். அடர்ந்த மேகம் அதன் பிறகுதான். ஆக, முதலில் போவது நிழலின் ஓரம். இரண்டாவது, வெயில் தரையில் பட்டு எழுப்பும் வெளிச்சம். மூன்றாவது, நிறம். மொத்த அளவு குறைந்தது நமக்கு உறைப்பது கடைசியில்தான்.

இந்த வரிசையை டிம்மரால் கொண்டுவர முடியாது. பழைய டங்ஸ்டன் விளக்கு 3200 கெல்வினில் எரியும். இறக்க இறக்கச் சிவந்துபோகும். புயல் வருவதற்குப் பதில் பொழுது சாய்வதாகத் தெரியும். எச்.எம்.ஐ. வேறு விதம். அதைப் பாதிக்குக் கீழே இறக்க முடியாது. இறங்கும் அந்தப் பாதியிலும் நீலம் ஏறும். எல்.இ.டி. நிறம் மாறாமல் பூஜ்யம்வரை இறங்கும் என்பது பெரிய வசதி. நான் இப்போது வானத்துக்கு அதைத்தான் வைக்கிறேன். ஆனால் விளக்கு எதுவானாலும் அளவைக் குறைத்தால் அளவுதான் குறையும். நிழலின் ஓரம் அப்படியே கூர்மையாக நிற்கும். இருட்டிக்கொண்டே போகும் அறையில் கம்பி நிழல் மட்டும் கத்தியாக இருப்பதைக் கண் உடனே பொய் என்று கண்டுகொள்ளும்.

அதனால் மேகத்தைக் கையால் ஓட்டினோம். எச்.எம்.ஐ.க்கு முன்னால் மூன்று சட்டங்கள். முதல் சட்டத்தில் மெல்லிய டிரேஸ், இரண்டாவதில் இரட்டை டிரேஸ், மூன்றாவதில் கறுப்புத் துணி. சட்டம் விளக்குக்கு ஒட்டி நகர வேண்டும். தள்ளி நகர்ந்தால் அதன் விளிம்பு ஒரு கோடாகச் சுவரில் ஓடும். கோடு தெரிந்தால் யாரோ எதையோ இழுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். சாரத்தின் மேல் நின்றவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. வசனம் வாக்கிடாக்கியில் போகும். “தம்பி பங்கு” என்ற சொல்லில் முதல் சட்டம். அண்ணன் எழுந்து தூணைப் பிடிக்கும்போது இரண்டாவது. கண்ணாடி ஓட்டுக்கு வைத்திருந்த சின்ன விளக்குக்கும் இதே வரிசை, ஆனால் ஒரு மூச்சு முன்னதாக. ஆத்தா சொன்னது அந்த ஓட்டைத்தானே. ஓடு பாரம் தாங்காது என்பதால் அந்த விளக்குக்கும் தனிச் சாரம்.

முகத்தில் என்ன நடக்கிறது என்பதை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காவித் தரையில் வெயில் விழும்போது தரையே ஒரு விளக்காகிவிடும். அதிலிருந்து எழும் செம்மை, உட்கார்ந்திருப்பவர்களின் தாடைக்குக் கீழும் புருவத்துக்குக் கீழும் மூக்கின் அடியிலும் ஏறி நிற்கும். நம் ஊர்ப் பழைய வீட்டு முகங்கள் பகலில் அவ்வளவு கனிவாகத் தெரிவதற்கு இந்தத் தரைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். வெயில் போன அந்தக் கணம் செம்மை இறங்கிவிடும். தாடையின் கீழ் கருமை சேரும், கண் குழியும், அதே ஆள் பத்து வயது கூடித் தெரிவான். அண்ணனாக நடித்தவர் தன் முகத்தில் ஒரு சுருக்கத்தையும் கூட்டாமல் வெறுமனே பேசிக்கொண்டிருந்தார். வெளிச்சம் அவரைக் கடுமையாக்கியது. தரையில் பட்டு எழும் வெளிச்சம் போதாத இடங்களில் காவி நிறத் துணியைத் தரையோரம் போட்டு அதன்மேல் ஒரு சின்ன விளக்கு அடித்திருந்தோம். இரண்டாவது சட்டம் நகர்ந்ததும் அதுவும் அணையும். நீலம் கலந்த சுண்ணாம்புச் சுவர் வெயிலில் வெள்ளையாகத்தான் தெரியும். வெயில் போனதும் அந்த நீலம் வெளியே வரும். நிறமாற்றத்தின் பாதி வேலையை வெள்ளையடித்தவரே செய்து வைத்திருந்தார்.

எவ்வளவு இருட்டுவது? திறந்த வெளியில் உச்சி வெயில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். கனத்த மேகத்தின் கீழ் அது 3,000 லக்ஸுக்கு வந்துவிடலாம். கேமரா கணக்கில் ஐந்து ஸ்டாப், அதாவது 32-இல் ஒரு பங்கு. வீட்டில் இருப்பவர் கண் அதற்கேற்ப விரிந்துகொள்ளும்; இருட்டில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பவர் கண் அப்படிச் செய்யாது. ஐந்து ஸ்டாப்பையும் முகத்தில் இறக்கினால் நடிப்பு போய்விடும். வெயில் பட்ட தரைக்கு முழு ஐந்தையும் கொடுத்தோம். முகத்துக்கு இரண்டரை. தரை அவ்வளவு இருட்டியதால் முகமும் இருட்டியதாகவே தோன்றும். இந்த இடத்தில் கேமராவின் ஐரிஸைத் தொடக்கூடாது என்பது என் கொள்கை. ஐரிஸ் மூடினால் எல்லாம் ஒரே அளவில் இருட்டும், வானத்தில் அப்படி நடப்பதே இல்லை. வெள்ளைச் சமநிலையும் 5600-இலேயே நின்றது. மேகத்து வெளிச்சம் 6500, 7000 கெல்வின். அதுவே தேவையான அளவு குளிர்ந்து தெரியும்.

புகைக்குச் சாம்பிராணி. வெயில் இருக்கும்வரை புகை ஜன்னல் கதிரைக் காட்டித் தரும். வெயில் போனதும் அதே புகை பால் ஊற்றியதுபோல் அறை முழுக்கத் தட்டையாகப் படியும். ஆகவே புயல் பகுதிக்கு முன்னால் கதவுகளைத் திறந்து புகையை வெளியேற்றினோம். வெயில் பகுதியையும் மழைப் பகுதியையும் இரண்டு ஷாட்டாகப் பிரித்ததற்கு அதுவும் ஒரு காரணம். வத்தல் அள்ள ஓடும் ஷாட் நடுவில் வந்தது.

இருட்டு ஏறும் இந்த இடத்தில்தான் கரண்ட் போக வேண்டும். காற்று அடித்தால் கரண்ட் போகும் என்பது நம் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். தாழ்வாரத்தில் ஒரு குண்டு பல்பை முதலிலிருந்தே எரியவிட்டிருந்தோம். வெயிலில் அது எரிவதே தெரியாது. மேகம் மூட மூட அது மஞ்சளாக மேலே வரும். பார்ப்பவர் அதைக் கவனிக்கத் தொடங்கும் நேரத்தில் அணையும். ஒரு நாற்பது வாட் பல்பு அணைந்ததில் கிடைத்த இருட்டு, பெரிய விளக்கை அணைத்தாலும் கிடைக்காது.

மழையைத் தெரியவைப்பது தனி வேலை. முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் மழை கண்ணுக்கே தெரியாது; பின்னாலிருந்து அடித்தால்தான் ஒவ்வொரு தாரையும் வெள்ளிக் கம்பியாகும். ஆனால் புயல் வானத்தில் பின்னாலிருந்து அடிக்க எது இருக்கிறது? அங்கேதான் கிழக்குப் பாதித் துணி கைகொடுத்தது. கேமரா மேற்கிலிருந்து முற்றத்தைப் பார்க்கிறது. கிழக்கு வானம் இன்னும் வெளுத்திருக்கிறது. அதற்கு முன்னால் மழை விழுகிறது. பின்வெளிச்சத்துக்கு நியாயம் கிடைத்துவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் வழியும் நீரின் நிழலை முகத்தில் விழவைக்கலாமே என்று உதவியாளர் ஒருவர் கேட்டார். 1967-இல் வந்த ‘இன் கோல்ட் பிளட்’ படத்தில் ஒளிப்பதிவாளர் கான்ராட் ஹால் எடுத்த காட்சி அவருக்கு நினைவு வந்திருக்கிறது. தூக்குக்குப் போகும் முன் ஜன்னலருகே நிற்பவன் முகத்தில் மழைநீரின் நிழல் கண்ணீராக வழியும். ஒத்திகையில் தற்செயலாகக் கண்ணில் பட்டது அது. அருமையான காட்சி. ஆனால் அது நடப்பது கண்ணாடி ஜன்னலில். நம் வீட்டு ஜன்னலில் கம்பியும் மரக்கதவும்தான். மழை வந்தால் கதவைச் சாத்துவோம். சாத்தினோம். கதவு இடுக்கில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம் விட்டோம்.

மின்னலில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நிஜ மின்னல் ஒரே வெட்டு அல்ல. ஒரே பாதையில் மூன்று நான்கு முறை, சில பத்து மில்லி விநாடி இடைவெளியில், அளவு மாறி மாறி அடிக்கும். அதனால்தான் துடிப்பதாகத் தெரிகிறது. முன்பு இரண்டு கார்பன் குச்சிகளைக் கையால் உரசி ஆர்க் எழுப்பி மின்னல் செய்தார்கள். கை தடுமாறும் அந்த ஒழுங்கின்மை அதற்கு அழகு. இன்றைய டிஜிட்டல் கேமரா சட்டகத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. மிகச் சிறிய ஃப்ளாஷ் கொடுத்தால் படத்தின் பாதியில் மட்டும் மின்னல் விழும். விநாடிக்கு 24 சட்டகம் என்றால் ஒன்றுக்கு 42 மில்லி விநாடி; ஒவ்வொரு துடிப்பும் அதைவிட நீண்டிருக்க வேண்டும். திசையும் முக்கியம். வெயில் வந்த அதே இடத்திலிருந்து மின்னல் வந்தால் சூரியன் கண் சிமிட்டுவதாக இருக்கும். நாங்கள் அதை வடமேற்கே உயரத்தில் வைத்தோம். காட்சி முழுவதற்கும் மூன்று மின்னல்தான். முதலாவதற்கு இடி வர மூன்று விநாடி விட வேண்டும் என்று ஒலிப்பதிவாளரிடம் சொல்லிவைத்தேன். மழை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்று அதற்குப் பொருள். கடைசி மின்னலுக்கு இடியும் கூடவே விழும்.

எந்தக் காட்சியைவிடவும் முக்கியமான ஒன்று. மழைக் காட்சியில் தண்ணீரும் மின்சாரமும் ஒரே தரையில் ஓடுகின்றன. தண்ணி லாரியின் குழாய் திறக்கும் முன் கேபிள்கள் எல்லாம் செங்கல் மேல் ஏறியிருக்க வேண்டும், இணைப்புகள் தரையில் கிடக்கக்கூடாது, ஜெனரேட்டர் வண்டியில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் சரியாக வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். நம் படங்களின் வெளிச்சத்தைத் தூக்கிச் சுமப்பவர்கள் லைட்மேன்கள். ஈரச் சாரத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கு நிற்பவர்கள் அவர்கள்தான். அந்த ஊரில் ஒரு இரவு நிஜமாகவே மேற்கே மின்னத் தொடங்கியது. மூத்த லைட்மேன் சாரத்திலிருந்து குரல் கொடுத்தார்: “சார், அங்கிட்டு வெட்டுது. ஆளுகள எறக்கிரலாம்.” உடனே இறக்கினோம். துணியையும் அவிழ்த்துவிட்டோம், அவ்வளவு பெரிய துணி காற்றில் சாரத்தையே சாய்த்துவிடும். ஒரு ஷாட் பாக்கி இருந்தது. மறுநாள் எடுத்தோம். இயக்குநர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

சென்னையில் டி.ஐ., அதாவது படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை, நடந்தபோது கலரிஸ்ட் படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சார், வெளியே புயல். இந்தக் கன்னத்துல மட்டும் ஏன் வெளிச்சம் ஏறுது? ஒரு மாஸ்க் போட்டு இறக்கிடவா?” மேற்குப் பாதி அணைந்து கிழக்குப் பாதி எரிந்துகொண்டிருந்த இடம் அது. நான் நாகமலை, யானைமலை என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். நீலத்தையும் கூட்ட வேண்டாம், கன்னத்தையும் தொட வேண்டாம் என்றேன். அந்த வெளிச்சம் படத்தில் பதினெட்டு விநாடி நிற்கிறது. அதற்குள் அண்ணன் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, தம்பியின் முகத்தைப் பார்த்துவிடுகிறார். அதன் பிறகு கிழக்கும் மூடுகிறது.